கிரனாடாவில் எலாதியோவுக்கு ஓர் ஆள்

அல்பசேத்தேயில் எலாதியோவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். எலாதியோவுக்குத் தெரியாதவர்கள் ஸ்பெயினிலேயே கிடையாது. இது எலாதியோ தன்னைப் பற்றி வைத்திருந்த அபிப்பிராயம். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை.

ஓட்டல்களிலும் மதுக்கடைகளிலும் இருக்கும் பெரிய குளிர்பெட்டிகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். ஆகஸ்ட் வெயிலில் உள்ளே இறால் கிடக்க, பெட்டி மூச்சை நிறுத்திவிட்டால் எந்த முதலாளிக்கும் கண் கலங்கிவிடும். எலாதியோ வந்து தரையில் படுத்து, எதையோ தட்டி, எதையோ திருகி, பெட்டி மறுபடி உறுமத் தொடங்கும்போது அந்த முதலாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப என்ன வேணும்னாலும் என்கிட்ட கேளு" என்பார். எல்லோரும் சொல்வதுதான். சொன்னவர் மறுநாள் மறந்துவிடுவார். எலாதியோ மறக்கமாட்டார். அப்படிச் சேர்ந்தவர்கள்தான் அவருடைய 'ஆட்கள்'.

"தொலேதோவா? அங்க எனக்கு ஆள் இருக்கு." "வலென்சியாவா? ரூம் எல்லாம் எதுக்கு புக் பண்றீங்க, நம்ம ஆள் இருக்கான்." ஊர் பேர் வாயிலிருந்து விழுந்தால் போதும், ஆள் முளைத்துவிடுவார்.

சும்மா சொல்லக்கூடாது, ஆட்கள் இருக்கத்தான் செய்தார்கள். தொலேதோ ஆள் கூட்டம் நெரிந்த நாளில் மேசை பிடித்துக் கொடுத்தார். கழிவறைக் கதவு திறந்தால் ரெமேயின் முதுகில் இடிக்கும், அவ்வளவுதான். வலென்சியா ஆள் அறை கொடுத்தார், கூடவே நின்றுபோன ஐஸ் இயந்திரத்தையும் காட்டினார். எலாதியோ நாள் பூராவும் அதன் அடியில் கிடந்தார். மனைவி ரெமேயும் மகள் ஆல்பாவும் கடல் பார்த்துவிட்டு வந்து, அவர் கால்களிடம் சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்கள்.

இதையெல்லாம் ரெமே சிரித்துக்கொண்டே சொல்வாள். அவள் சிரிக்காமல் சொல்லும் ஊர் ஒன்றே ஒன்று, கிரனாடா.

அவர்கள் தேனிலவுக்குப் போன ஊர் அது. அல்ஹம்ப்ரா அரண்மனையைப் பார்க்க வேண்டும் என்பது ரெமேக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து ஆசை. வேறு எதையும் அவள் கேட்கவில்லை. எலாதியோவின் ஆளாகிய ஓட்டல்காரர் ஒருவர், "சாயங்காலம் நானே உள்ள கூட்டிட்டுப் போறேன், அதுக்கு முன்னால இந்த ஃப்ரீசரை ஒரு பார்வை பாரு" என்றார். எலாதியோ பார்த்தார். பார்த்து முடித்துக் கையைத் துடைத்தபோது அரண்மனையைப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் காலை ரயில். ரெமேயின் தேனிலவுப் படத்தில் அவளுக்குப் பின்னால் இருப்பது ஃப்ரீசர் கதவு.

இரண்டாம் முறை ஆல்பா சின்னப் பிள்ளை. முன்பதிவு செய்யலாமா என்று ரெமே கேட்டதற்கு எலாதியோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நம்ம ஊர் கோட்டைக்குள்ள போக நாம ஜப்பான்காரங்க மாதிரி வரிசையில நிக்கணுமா? ஆள் இருக்கான்." ஆள் விடுப்பில் இருந்தார். மூவரும் மதில் சுவரைப் பார்த்தபடி ஐஸ்கிரீம் தின்றுவிட்டுத் திரும்பினார்கள். வழி நெடுக ரெமே ஒரு வார்த்தை பேசவில்லை. ரெமே பேசாமல் இருப்பது என்பது அந்த வீட்டில் மின்சாரம் போனது போல.

இது மூன்றாம் முறை. அக்டோபரில் வியாழக்கிழமை விடுமுறை வந்தது. அப்படி வந்தால் இந்த நாட்டில் வெள்ளியன்று வேலை செய்கிறவன் ஏதோ குற்றம் செய்தவன். நான்கு நாள் கையில் இருக்கிறது. இரண்டு இரவு கிரனாடா என்று ரெமே கோடையிலேயே முடிவு செய்துவிட்டாள். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

"எலாதியோ, இந்தத் தடவை நான் பார்த்தே ஆகணும். இப்பவும் பார்க்கலேன்னா, அப்புறம் உன்னைப் புதைச்சிட்டுத் தனியாப் போய் நிம்மதியாப் பார்த்துக்கிறேன்."

"என்ன பேச்சு இது. கூர்ரோ இருக்கான்ல."

"கூர்ரோ யாரு?"

"பட்டாளத்துல என்கூட ஒரே அறையில கிடந்தவன். அல்ஹம்ப்ரா வாசல்லயே வேலை. கதவே அவன்தான்."

"அவன்கிட்ட எப்பப் பேசுன?"

எலாதியோ ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தார். "நட்புன்னா தினமும் பேசணுமா."

ரெமே மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். மனிதர்களுக்கு எது தெரிகிறது, எது தெரிவதில்லை என்று கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு. "சரி, உன் அடையாள அட்டையைக் குடு. டிக்கெட்டுல ஆளாளுக்குப் பேரும் நம்பரும் போடணுமாம்."

"என் பேரைப் போட்டா கூர்ரோ கோவிச்சுக்குவான். அவன் முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

அடுத்த வாரமும் கேட்டாள். அதற்கடுத்த வாரம் ஆல்பா கேட்டாள். "அப்பா, அட்டையைக் குடேன், இந்தா போன்லயே முடிச்சிடலாம்." எலாதியோ இரண்டு பேரையும் இரக்கத்தோடு பார்த்தார். உலகம் எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களை அவர் அப்படித்தான் பார்ப்பார். பிறகு அவர்கள் கேட்பதை விட்டுவிட்டார்கள். எலாதியோ அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

கதை இத்தோடு நின்றிருந்தால் குடும்ப விஷயம். ஆனால் எலாதியோ அதைப் பசிலியோவின் மதுக்கடைக்குக் கொண்டுபோனார். அங்கே ரெமேயின் தம்பி ஃபெர்மின் உட்கார்ந்திருந்தான். டயர் விற்பவன். உலகத்தில் அவனுக்குத் தெரியாத ஒரே விஷயம் எப்போது வாயை மூடுவது என்பது.

"மச்சான், ஓட்டல்லயும் மதுக்கடையிலயும் நடக்கிற மாதிரி இல்ல அது. பிரதமரே வந்தாலும் டிக்கெட் காட்டணும்" என்றான் ஃபெர்மின்.

"பிரதமருக்குக் கூர்ரோவைத் தெரியாது."

கடையே சிரித்தது. பசிலியோ கோப்பை துடைப்பதை நிறுத்திவிட்டு, "யோவ் எலாதியோ, கூர்ரோ உள்ள விடலேன்னா?" என்று கேட்டார்.

எலாதியோ எழுந்து நின்றார். குடித்திருந்தால் கூடச் சரி, அவர் அன்று காபிதான் குடித்திருந்தார். "விடலேன்னா, இனிமே இந்தக் கடையில 'எனக்கு ஆள் இருக்கு'ன்னு என் வாயிலேர்ந்து வராது."

"சாட்சி எல்லாரும்" என்றான் ஃபெர்மின்.

அப்படியாக, மனைவியின் ஆசையும் எலாதியோவின் மானமும் ஒரே காரில் ஏறிக் கிரனாடாவுக்குக் கிளம்பின. கூர்ரோவுக்கென்று ஒரு பெட்டி மிகெலித்தோ வாங்கியிருந்தார்; எங்கள் பக்கத்துப் பலகாரம், கடித்தால் மேலே தூவிய சர்க்கரை சட்டையெல்லாம் கொட்டும், உள்ளே பாலேடு. அதை மடியில் வைத்துக்கொண்டு வரச் சொல்லி ஆல்பாவிடம் கொடுத்தார். கூர்ரோவின் பழைய எண்ணுக்கு அவர் நான்கைந்து நாளாகப் போன் அடித்துப் பார்த்ததையும், யாரும் எடுக்காததையும் காரில் இருந்த மற்ற இருவருக்கும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மலை ஏறினார்கள். எல்ம் மரங்களுக்கு நடுவே பாதை, பாதையின் இருபுறமும் கால்வாயில் தண்ணீர் சலசலவென்று இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் கூட்டம். கையில் கருவியோடு ஒரு பெண் ஒவ்வொரு டிக்கெட்டையும் அட்டையையும் சேர்த்துப் பார்த்து உள்ளே விட்டாள். எலாதியோ சற்றுத் தள்ளிப்போய் மறுபடி அடித்தார். இந்தத் தடவை எடுத்தான்.

"கூர்ரோ! நான் எலாதியோ. அல்பசேத்தே எலாதியோ. குளிர்பெட்டி."

"அட கழுதை, உயிரோட இருக்கியா!"

"வாசல்ல நிக்கிறேன். குடும்பத்தோட."

"எந்த வாசல்?"

"அல்ஹம்ப்ரா வாசல்டா. நீ வேலை பார்க்கிற வாசல்."

"வாசலா? நான் எப்படா வாசல்ல இருந்தேன். நான் தோட்டக்காரன்ல. அதுவும் விட்டு வருஷம் ஆச்சு. இப்ப மேல கல்லறைத் தோட்டத்துல இருக்கேன். அந்த மதிலை ஒட்டியே ஏறி வா, பத்து நிமிஷ நடை. இங்க டிக்கெட் கிடையாது."

எலாதியோ போனைப் பைக்குள் வைத்தார். திரும்பிப் பார்த்தால் ரெமேயும் ஆல்பாவும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ரெமேயின் கையில் அச்சிட்ட தாள் இருந்தது. அவள் ஜூலையிலேயே வாங்கிவிட்டாள். இரண்டு.

"மூணு தடவை கேட்டோம், எலாதியோ" என்றாள் ரெமே. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எலாதியோவுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"இன்னிக்கு ஒண்ணுகூட மீதி இல்லியாம் அப்பா, கேட்டுட்டேன்" என்றாள் ஆல்பா. "கூர்ரோ மாமா என்ன சொன்னாரு?"

எலாதியோ நிமிர்ந்தார். "அவன் மேல் வாசல்ல நிக்கிறான். ஊழியர்கள் போற வழி. எல்லாரையும் அதுல கூட்டிட்டுப் போனா அவன் வேலைக்கு ஆபத்து. நீங்க இப்படிப் போங்க, நான் அப்படி வர்றேன். பலகாரப் பெட்டியைக் குடு."

ரெமே அவரை ஒரு கணம் பார்த்தாள். "சரி, உள்ள பார்ப்போம்" என்றாள். கருவி கீச்சென்றது, அவர்கள் போனார்கள். எலாதியோ அங்கேயே நின்று ரெமே நடந்த வேகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷம் அவள் இந்த வேகத்தில் நடந்து அவர் பார்த்ததே இல்லை.

கூர்ரோ உண்மையிலேயே சந்தோஷப்பட்டான். வழுக்கை, பெரிய வயிறு, கையில் கத்தரி. சைப்ரஸ் மரத்தடியில் ஒரு பெஞ்சில் இருவரும் உட்கார்ந்து மிகெலித்தோ தின்றார்கள். பட்டாளத்துக் கதையெல்லாம் பேசித் தீர்ந்த பிறகு எலாதியோ மெதுவாகக் கேட்டார்.

"உள்ள என்னடா இருக்கு?"

"செடி வேலி இருக்கு. சரியா வெட்டலேன்னா ஒரு மாசத்துல தலைவிரிச்சு ஆடும்."

"அரண்மனைக்குள்ளடா. கல்லுல செஞ்ச சிங்கம் எல்லாம் இருக்காமே."

"நான் எங்க நிமிர்ந்து பார்த்தேன். குனிஞ்சே வேலை பார்த்தவன். ஆனா தண்ணி... எங்க போனாலும் தண்ணிச் சத்தம். ராத்திரி வீட்டுக்குப் போயும் கேக்கும்."

எலாதியோ தலையாட்டினார். மதிலுக்கு அந்தப் பக்கம் ரெமே இப்போது எந்த அறையில் நிற்பாள், எதைப் பார்த்து வாயைப் பிளப்பாள் என்று நினைத்துப் பார்த்தார். தேனிலவில் மனைவிக்கு ஃப்ரீசர் காட்டியவன் உலகத்தில் வேறு எவனும் இருக்கமாட்டான். கூர்ரோ அந்தப் பக்கம் தண்ணீர் குழாயை மூடப் போயிருந்தான். அந்த நேரத்தில் எலாதியோவுக்கு அழுகை வந்துவிட்டது. கல்லறைத் தோட்டம் என்பதால் வழியில் போனவர்கள் யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது கூர்ரோ, "வெறுங்கையோட போகாத, வீட்டம்மாக்குக் குடு" என்று செய்தித்தாளில் சுற்றிய பூங்கொத்து ஒன்றைக் கையில் திணித்தான். எலாதியோ பிரித்துப் பார்க்கவில்லை. அவர் குளிர்பெட்டிக்காரர், பூக்காரர் இல்லை.

மத்தியானம் தாண்டி ரெமே வெளியே வந்தபோது எலாதியோ வாசலில் நின்றிருந்தார். அவள் கண்கள் சிவந்திருந்தன, முகம் மட்டும் கழுவி விட்டாற்போல் இருந்தது. "கூரையைப் பார்த்து அம்மா அழுதுட்டாங்க" என்று ஆல்பா சொன்னாள். எலாதியோ பூங்கொத்தை நீட்டினார்.

"உள்ள தோட்டத்துல கூர்ரோ பறிச்சுக் குடுத்தான்."

ரெமே தாளைப் பிரித்தாள். சாமந்தி. இந்த நாட்டில் சாமந்தியைச் செத்தவர்களைத் தவிர யாருக்கும் கொடுப்பதில்லை. போதாததற்குக் காம்பில் ஊதா நாடாத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பொன் எழுத்தில், 'உன்னை மறவாத அலுவலக நண்பர்கள்'. ஆல்பா சட்டென்று திரும்பி மரத்தைப் பார்க்கத் தொடங்கினாள். அவள் தோள்கள் குலுங்கின. ரெமே நாடாவை மடித்துக் கைப்பைக்குள் போட்டாள்.

"நல்லா இருக்கு" என்றாள். "உள்ள உனக்கு எது பிடிச்சது, எலாதியோ?"

எலாதியோ யோசித்தார். சட்டையில் சர்க்கரை, காலணியில் மண், ஸ்வெட்டரில் சைப்ரஸ் இலை.

"தண்ணி" என்றார். "எங்க போனாலும் தண்ணிச் சத்தம்."

ரெமே அவர் ஸ்வெட்டரிலிருந்து இலையை எடுத்துக் கீழே போட்டாள். "எனக்கும் அதான்" என்றாள்.

திங்கட்கிழமை பசிலியோ கடையில் ஃபெர்மின் காத்திருந்தான். வேலைக்குப் போகும் வழியில் காபி குடிக்க ரெமேயும் வந்திருந்தாள்.

"என்ன மச்சான், ஆள் உள்ள விட்டானா?"

எலாதியோ வாயைத் திறந்தார். பசிலியோ கோப்பையைக் கீழே வைத்தார். கடை முழுக்க அவர் பக்கம் திரும்பியது.

"விட்டான்" என்றாள் ரெமே. "டிக்கெட் இல்லாம, அட்டை இல்லாம. யாரும் ஒரு கேள்வி கேக்கல. எங்களுக்குத்தான் வரிசை. ஃபெர்மின், இவரு காபிக்கு நீ குடுத்துடு."

ஃபெர்மின் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு பர்சைத் திறந்தான். கடையில் எல்லோரும் எலாதியோவின் முதுகில் தட்டினார்கள். பசிலியோ தன் தங்கை குடும்பம் கிறிஸ்துமசுக்கு கிரனாடா போவதாகவும், கூர்ரோவின் எண் கிடைக்குமா என்றும் கேட்டார். எலாதியோ காபியைக் குடித்துக்கொண்டே, "டிக்கெட் வாங்கச் சொல்லு" என்றார்.

அன்றிரவு சாப்பாட்டில் ரெமே சொன்னாள். "வசந்தத்துல கோர்தோபா போலாமான்னு பார்க்கிறேன். அங்க பள்ளிவாசல் ஒண்ணு இருக்கே, தூணு தூணா."

"கோர்தோபாவா?" எலாதியோவின் முகம் பழக்கத்தில் மலர்ந்தது. "அங்க எனக்கு..."

ரெமே கரண்டியை நிறுத்தினாள். ஆல்பா நிமிர்ந்தாள்.

எலாதியோ வாயை மூடினார். பின்பையிலிருந்து பர்சை எடுத்தார். அடையாள அட்டையை உருவி, ரொட்டிக் கூடையைத் தள்ளிவிட்டு, ரெமேயின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.