பழம் தராத ஹோலி மரம்

போன சனிக்கிழமை காலை. பக்கத்து வீட்டு வேலியோரம் மரம் அறுக்கும் மெஷினோடு ஒருவர் நின்றார். டீக் கோப்பையை வைத்துவிட்டு வேலிக்குப் போனேன்.

அது ஹனீபா நானாவின் வீடு; நானா என்றால் அண்ணன். பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவர். சில வருடங்களுக்கு முன் வெலிமடைப் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணையில் இருவருமாக ஆளுக்கொரு ஹோலி (holly) மரக்கன்று வாங்கி வந்தோம். கிறிஸ்மஸ் கார்டில் சிவப்புப் பழத்தோடு பார்ப்பது அதன் வெளிநாட்டுச் சொந்தம். இது நம் மலைக்காட்டிலேயே வளர்வது. வருடம் முழுக்கப் பச்சை.

என் மரம் இப்போது காய்த்துவிட்டது. மிளகு அளவில், கொத்துக் கொத்தாய்ச் சிவப்புப் பழங்கள், நடுநடுவே புதுப் பூக்களும். நானாவின் மரமோ பூப்பதோடு சரி. அவர் வீட்டு விருந்தாளிகள்கூட வேலியில் சாய்ந்து என் மரத்தைத்தான் போட்டோ எடுத்தார்கள். மனுஷனுக்கு வலிக்காதா?

"காய்க்காத மரத்த வெச்சி என்ன செய்ற, டீச்சர்? வெட்டிட்டுக் கொய்யா வெக்கப் போறேன்."

கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அந்த நாற்றுப் பண்ணையை நடத்தும் செல்விக்குப் போன் போட்டேன். இரண்டு மரத்துப் பூவையும் பார்க்கச் சொன்னார். நானாவின் பூவைத் தொட்டால் விரலில் மஞ்சள் தூள். என் பூவின் நடுவே குட்டிப் பச்சை மணி.

"நானா மரம் ஆணுங்க. ஒங்க மரம் பொண்ணு. அத வெட்டினா இதுவும் காய்க்காதுங்க" என்றார் ஸ்பீக்கரில்.

ஒரு தேனீ நானாவின் மரத்துப் பூவிலிருந்து எழும்பி, வேலி தாண்டி, என் பூவில் உட்கார்ந்தது. நானா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இந்தப் பழமெல்லாம்..."

"ரெண்டு வீட்டுதும்தான் நானா."

மெஷின்காரர் வந்ததற்கு நானா வீட்டுப் பலாவின் காய்ந்த கிளையை அறுத்துவிட்டு, பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார்.

யோசித்தால்... நாம் எல்லோருமே பழம் தொங்கும் பக்கத்தைத்தானே போட்டோ எடுக்கிறோம்? பரீட்சையில் பாஸான பிள்ளையின் படம் பேப்பரில் வருகிறது. விடியுமுன் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலையேறிய அம்மாவின் படம்?

இப்போதெல்லாம் நானா தன் விருந்தாளிகளை என் வாசலுக்கே அழைத்து வந்து, "இது எங்கட மரத்துப் பழம்" என்கிறார். சரிதான்.

ஆனால் அதைத் தின்ன வரும் குருவிகள் என் கொடித்துணியில் போடும் எச்சத்துக்கு மட்டும் அவர் இன்னும் பங்கு கேட்கவில்லை.