சீப்பு கட்டிய ஒயர்

கார்களுக்கு ஆம்ப்ளிஃபயர் பொருத்தும் அவனுக்குச் சீப்பு என்று பெயர் வைத்தவர்கள் வாடகைக் கார் ஸ்டாண்டுக்காரர்கள். அவன் வேலை செய்த வண்டியில் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால், எண்ணெய் தடவிப் படிய வாரிய தலைபோல் ஒயர்கள் கிடக்கும். பேட்டரியிலிருந்து டிக்கிக்குப் போகும் தடித்த ஒயர், ஸ்பீக்கர் ஒயர், ரேடியோவின் ஆன்டெனா ஒயர் என்று எல்லாவற்றையும் ஒரே கட்டாகச் சேர்த்து, இடைவெளி பிசகாமல் டேப் சுற்றுவான். மேலே விரிப்பைப் போட்டு மூடிவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டால் அவனுக்குக் கோபம் வரும். கண்ணுக்குத் தெரியாத இடமாக இருந்தாலும் அலங்கோலமாக விட்டுவிட்டு வந்தால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

அவன் மனைவி ஊரின் சின்ன வானொலி நிலையத்தில் பேசினாள். ஒரு மொட்டை மாடி, அதன்மேல் ஒல்லியான ஒரு கோபுரம், அவ்வளவுதான் நிலையம். முற்பகலில் அரைமணி நேரம் அவளுடையது. யார் எதைத் தொலைத்தார்கள், யாரிடம் எது கிடைத்தது என்று சொல்வாள். குடை, மூக்குக்கண்ணாடி, ஒருமுறை ஒரு பல்செட். பாதிப் பொருள்கள் வாடகைக் கார்களில் விட்டுப்போனவை. அதனால் ஓட்டுநர்கள்தான் அதிகம் கேட்டார்கள், அவர்கள்தான் போனும் போட்டார்கள். கணவனும் சாயங்காலம் வீடு திரும்பியதும், "இன்னைக்கு நல்லா இருந்தது" என்று ஒரு வார்த்தை சொல்லத் தவறுவதில்லை.

இதற்கிடையில் ஸ்டாண்டில் ஒரு காய்ச்சல் பரவியது. ஒருவர் ஆம்ப் போட்டார். பக்கத்து வண்டிக்காரருக்குப் பொறுக்கவில்லை. அப்புறம் என்ன, ஸ்டாண்டே சீப்பின் பட்டறை வாசலில் வரிசை கட்டி நின்றது. சொல்லிவைத்தாற்போல் அதே சமயம் நிகழ்ச்சிக்கு வரும் போன்கள் குறையத் தொடங்கின. கடைசியில் நிலைய மேலாளர், இந்த மாதத்தோடு நிறுத்திவிட்டு அந்த நேரத்துக்குப் பாட்டுப் போடலாம் என்றார். சாப்பிடும்போது மனைவி அதைச் சொன்னாள். காலம் மாறிவிட்டது, அதற்கு நீ என்ன செய்வாய் என்று சீப்பு பெரிய மனுஷன் மாதிரி ஆறுதல் சொன்னான். காலத்தின்மேல் பழி போடுவது எவ்வளவு வசதி!

மறுநாள் முற்பகலில் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஓட்டுநர் வண்டியோடு வந்து நின்றார். ஆம்ப் போட்டதிலிருந்து ரேடியோவில் ஒரே இரைச்சல் என்றார். சீப்பு வழக்கம்போல் இரண்டு பெரிய நிலையங்களை வைத்துக் காட்டினான். கணீரென்று கேட்டது. ரேடியோவில் ஒரு குறையும் இல்லை, காதைத்தான் காட்ட வேண்டும் என்று கிண்டலும் செய்தான். நெட்டை அசரவில்லை. கையை நீட்டித் தானே சின்ன நிலையத்தைத் திருப்பினார். ஜல்லி கொட்டியதுபோல் இரைந்தது, வேறொன்றும் கேட்கவில்லை.

"இந்த அம்மா பேசுறதைக் கேட்டுத்தாண்ணே எனக்குப் பொழுதே ஓடும்" என்றார் நெட்டை. "உங்ககிட்ட ஆம்ப் போட்ட ஒருத்தருக்கும் இப்ப இவங்க கிடைக்கிறதில்ல. ஸ்டேஷனே படுத்துடுச்சு போலன்னு விட்டுட்டாங்க."

அந்த அம்மா யார் என்று நெட்டைக்குத் தெரியாது. சீப்பு டிக்கி ஸ்பீக்கர்களுக்கான ஆம்பை மட்டும் அணைத்தான். இரைச்சல் அடங்கியது. உள்ளிருந்து அவன் மனைவி பேசினாள்.

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தடித்த ஒயரோடு ஆன்டெனா ஒயரையும் சேர்த்துக் கட்டியதால் ஆம்பின் இரைச்சல் ஆன்டெனாவில் ஏறியிருக்கிறது. பெரிய நிலையங்கள் அதை அமுக்கிவிட்டுக் கேட்டன. மெல்லிய குரல் ஒன்றுதான் மூழ்கிப்போனது. ஊரில் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் காதை அவனே ஒவ்வொரு வண்டியாகப் பொத்தியிருக்கிறான், அதுவும் அழகாக டேப் சுற்றி.

டேப்பைக் கிழித்தான். ஆன்டெனா ஒயரைப் பிரித்தெடுத்து வண்டியின் மறுபக்கமாக அவசரத்தில் கோணல்மாணலாக இழுத்துவிட்டு, ஆம்பைப் போட்டான். இப்போதும் அவள் தெளிவாகப் பேசினாள். பார்க் பெஞ்சில் கிடைத்த ஒற்றைச் செருப்பைப் பற்றிச் சொல்லி, இன்னொரு செருப்போடு நொண்டிக்கொண்டு போனவர் தயவுசெய்து திரும்பி வரவும் என்று கேட்டுக்கொண்டாள். நெட்டை விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்கு இப்படியெல்லாம் பேச வரும் என்று சீப்புக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நிகழ்ச்சி முடியும்வரை முன்சீட்டை விட்டு அவன் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் ஒன்றையும் மறைக்காமல் மனைவியிடம் சொன்னான். நாளையிலிருந்து ஸ்டாண்டு வண்டிகளை எல்லாம் கூப்பிட்டுப் பிரித்துக் கட்டுகிறேன் என்றான். அவள் உடனே மேலாளருக்குப் போன் போட்டாள். அவர் சிரித்துவிட்டு, சரி, இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். போனை வைத்தபோது அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. சற்று நேரத்தில் அது யோசனையாக மாறியது.

"ஒவ்வொரு வண்டியிலயும் ரேடியோவைப் போட்டுப் பார்த்துட்டுத்தானே குடுப்பீங்க?"

"ஆமா."

"ஒரு வண்டியிலயாவது என்னை வச்சுப் பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் ஒருநாளும் கேட்டதில்ல" என்றான்.

"தெரியும்" என்றாள் அவள். "பல்செட் கதைக்கு ஊரே சிரிச்சுது. அன்னைக்கும் வந்து நல்லா இருந்ததுன்னு மட்டும்தான் சொன்னீங்க. அப்பவே தெரியும். ஆனாலும் மைக் முன்னாடி உக்காந்தா, நீங்க கேக்கறதா நினைச்சுக்கிட்டுத்தான் பேசுவேன்."