பொய்ப் போடி

பச்சை ஏலக்காய் ஈரச் சாக்கில் புழுங்கும் வாசனையும் டீசல் புகையும் கலந்து மூக்கில் ஏறினால், இன்றும் என் கை தானாக மடியில் தூக்குச்சட்டியைத் தேடுகிறது. சிறுமியாக இருந்தபோது, பள்ளி விடுமுறை நாட்களில், தோட்ட வேலைக்குப் போகும் அம்மாவோடு நானும் ஜீப்பில் தொற்றிக்கொள்வேன். சாயங்காலம் மலைமேலுள்ள போடிமெட்டிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில், கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்பதுபோல் போடி ஊர் முழுவதும் எதிரே வந்து நிற்கும். முதல் நாள் நான் தூக்குச்சட்டியோடு எழுந்தே விட்டேன். ஜீப்பில் ஒரே சிரிப்பு.

"ஒக்காரு ஆத்தா, இது ‘பொய்ப் போடி’. இன்னும் எத்தன வளைவு கெடக்கு!" என்றாள் அம்மா. புதிதாக வருகிற யாரும் அங்கே எழாமல் இருந்ததில்லை.

பின்னாளில் வாரம் ஒருமுறை மதுரைக்குப் பஸ் ஏறிப் பியானோ கற்றேன். பதினேழு வயதில் சென்னை இசைப் பள்ளி ஒன்றின் நுழைவுத் தேர்வு. இடம் கிடைக்காவிட்டால் பியானோவுக்கு முழுக்கு, அடுத்த திங்கள் முதல் எனக்கும் தோட்டத்து ஜீப்புதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

தேர்வாளர் அம்மையார் சொனாட்டா என்னும் பியானோ உருப்படி ஒன்றை வாசித்தார். அதன் கட்டமைப்பு எளிதுதான்: ஒரு மெட்டு வீட்டுச் சுருதியில் கிளம்பும், இன்னொன்று வேறு சுருதியில் குடியேறும், நன்றாக அலைந்து திரிந்த பின் இரண்டும் வீட்டுச் சுருதிக்கே வந்து சேரும். அலைச்சலின் நடுவே முதல் மெட்டு மறுபடி தலைகாட்டியதும் அவர் கையை நிறுத்தி, "வீடு வந்தாச்சு, இல்லையாம்மா?" என்றார்.

"இல்ல மேடம், இது பொய்ப் போடி."

வாய் முந்திக்கொண்டது. இனி விளக்காமல் தீராது. ஜீப்பையும் தூக்குச்சட்டியையும் சொல்லி, மெட்டு அதேதான், சுருதிதான் வேறு, உண்மையான வீடு இன்னும் சில வளைவு தள்ளி இருக்கிறது என்றேன். இந்தக் குறும்பு இந்தச் சொனாட்டாவை எழுதியவர் கண்டுபிடித்ததல்ல, முந்தைய தலைமுறை இசைப் பெரியவர் ஒருவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. பெரியவர் ஏமாற்றிச் சிரிக்கவைத்துவிட்டு உடனே நகர்ந்துவிடுவார், இவரோ நம்மைச் செருப்பைக் கழற்றவைத்து, பாய் விரித்து உட்காரவைத்த பிறகுதான் கிளப்புவார் என்றும் சொன்னேன். அம்மையார் சிரித்த சிரிப்பிலேயே இடம் கிடைத்துவிட்டதென்று எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தோஷத்தில், போடிக்கு வரும் வரை பஸ்சில் நான் உட்காரவே இல்லை.

அந்த வளைவில் இப்போது சாலையை அகலப்படுத்தித் தடுப்புச்சுவர் எழுப்பிவிட்டார்கள். ஊர் தெரிவதில்லை, யாரும் எழுவதுமில்லை. போன மாதம் சென்னை அரங்கில் அதே சொனாட்டாவை வாசித்தேன். அலைச்சலின் நடுவே முதல் மெட்டு திரும்பியது. வீடு வந்த நிம்மதியில் அரங்கமே மூச்சு விட்டது. முன்வரிசையிலிருந்து ஒரே ஒரு ஆள் மட்டும் வாய்விட்டுச் சிரித்தது கேட்டது. அம்மா.