முதல் சிட்டிகை பக்கிரிக்கு

போன வியாழக்கிழமை எங்கள் ஊர் வோட்டுவாலேவில் மருந்துக்கடையில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பது பொய். எழுந்தேன், நடந்தேன், மூலையில் இருந்த மெஷினில் ஏறி எடை பார்த்தேன், பார்த்ததை நம்பாமல் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினேன். நான் காத்திருக்கும் லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? ஃபிஜியின் நாடி ஏர்போர்ட் செக்-இன் கவுன்ட்டரில் முப்பது வருஷம் மற்றவர்களைக் காக்க வைத்தவள் நான். எனக்குக் காக்கத் தெரியாது.

"மிஸஸ் ஃபக்கீர்!"

வெள்ளைக் கோட்டு போட்ட சின்னப் பெண். எழுந்து போனேன். அவள் சீட்டைப் பார்த்தாள், என் நெற்றிப் பொட்டைப் பார்த்தாள், மறுபடி சீட்டைப் பார்த்தாள். பிறகு நம் ஃபிஜி ஹிந்தியில் மெதுவாகக் கேட்டாள் - "ஆன்ட்டி, ஆப் முசல்மான் ஹை?"

இல்லை என்றேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஸாரி சொல்லிவிட்டு அவசர அவசரமாக மாத்திரையை எடுத்து வைத்தாள். எல்லாம் சர்க்கரை வியாதிக்கான மாத்திரைகள். "ஆன்ட்டி, சீனி சேர்த்துக்கிறீங்களா?" என்று அடுத்த கேள்வி.

 இரண்டு கேள்விக்கும் முழுப் பதில் ஒன்றுதான். ஆனால் அது கொஞ்சம் நீளம்...

ஃபக்கீர் என் வீட்டுக்காரர் பெயர் இல்லை. அப்பா பெயர். ஃபிஜியில் அப்பா பெயரைத்தானே பிள்ளைகளின் வாலில் கட்டிவிடுவார்கள்! வீட்டில் அவர் பக்கிரி. சர்க்கார் காகிதத்தில் ஃபக்கீர். கல்யாணத்துக்குப் பிறகு நான் அதை மாற்றவில்லை. பெண்ணியம் எல்லாம் ஒன்றுமில்லை, ஃபாரம் நிரப்பச் சோம்பல்.

அரபியிலிருந்து வந்த பெயர் அது. ஒன்றும் இல்லாதவன், ஆண்டவன் முன்னால் கை நீட்டி நிற்பவன் என்று அர்த்தம். ஞானிகளுக்கு அதைப் பட்டமாகவே கொடுத்தார்களாம். கப்பல் ஏறி நாகூருக்கு வந்த பட்டம், அங்கிருந்து இந்துக்கள் வீட்டுத் தொட்டிலிலும் ஏறிப் படுத்துக்கொண்டது. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொள்வார்கள். அடுத்துப் பிறப்பது பக்கிரி. அப்பாவுக்கு முன்னால் மூன்று போயிருந்தன.

கரும்பு வெட்ட மெட்ராஸில் கப்பல் ஏறியவர்கள் இந்தப் பழக்கத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் இருந்த ட்ராசாவில் மட்டும் நான்கு பேர். லாரி பக்கிரி, குட்டை பக்கிரி, பக்கிரியம்மா, எங்கள் அப்பா. பக்கிரி என்று ஒருவர் இருந்தால் அவருக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு தொட்டில் காலியாகியிருக்கிறது. சின்ன வயதில் எனக்கு இது உறைக்கவில்லை.

என் அண்ணன் மணிக்கு உறைத்தது வேறு. ஹிந்தியில் ஃபக்கீர் என்றால் பிச்சைக்காரன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் முழுப் பெயரை வாசித்ததும் பின் பெஞ்சிலிருந்து கைகள் நீளுமாம், "அல்லா கே நாம் பே..." என்று, அல்லா பேரால் பிச்சை கேட்பதுபோல. தினமும் சட்டை கிழிந்து வீட்டுக்கு வருவான்.

இது போதாதென்று வியாழக்கிழமை வேறு!

பக்கத்துக் கரும்புக் காட்டுக்காரர் மைதீன் பாய். அவர் பெயரும் ஒரு பட்டம்தான். மார்க்கத்துக்கு உயிர் கொடுத்தவர் என்று அர்த்தமாம். அவ்வளவு பெரிய பட்டம், ஆள் என்னவோ கரும்பைவிட ஒல்லி. வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து குளித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவார். தட்டில் பழுப்புச் சர்க்கரையும் பொட்டுக்கடலையும். சாம்பிராணி போட்டு, நாகூர் ஆண்டவரை நினைத்து, பாத்தியா என்கிற குர்ஆன் பிரார்த்தனையை ஓதுவார். ஓதி முடித்ததும், "நீட்டு பக்கிரி" என்பார்.

ஆறடி உயரம், காப்பு காய்ச்சிய கை. அதை அப்பா குழந்தை மாதிரி நீட்டுவார். முதல் சிட்டிகை பெயர்க்காரருக்கு. அவர் வாங்காமல் வேறு யாரும் தட்டைத் தொடக் கூடாது. அது எங்கள் வீட்டு வழக்கம்.

மணி ஒரு தடவை வெடித்துவிட்டான். "நம்ம கரும்பு, நம்ம சக்கர. நம்ம வூட்லயே நீ எதுக்குப்பா கை நீட்டற?"

அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. "வாரத்துல ஒரு நாள் கை நீட்டலன்னா பேரு கோவிச்சுக்கும்டா" என்றார்.

அதற்கப்புறம் மைதீன் பாய் "நீட்டு" என்று சொல்வதற்குள் மணி எழுந்து வெளியே போய்விடுவான். அதனால் அடுத்து நடப்பதை அவன் பார்த்ததே இல்லை. அப்பா சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு மறுபடி கையை நீட்டுவார். "பாப்பாவுக்கு." சாம்பிராணிப் புகை எனக்கு ஆகாது, கண் எரியும். அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பேன். என் பங்கு அந்தப் பெரிய கை வழியாகப் பின்பக்கம் வந்து சேரும்.

அப்புறம் எண்பத்தேழு. முதல் ராணுவக் கவிழ்ப்பு. இந்திய வம்சத்தவர்களுக்கு இனி இங்கே இடமில்லை என்ற பயம். நாடே பெட்டி கட்ட ஆரம்பித்தது. மணி பெண்டாட்டி பிள்ளைகளோடு பிரிஸ்பேன் போனான். லாரி பக்கிரி கனடா. மைதீன் பாய் மகனோடு கலிஃபோர்னியா. எல்லோருக்கும் போர்டிங் பாஸ் கொடுத்தவள் நான்தான். ஒரு அம்மா கைப்பையில் அம்மிக்குழவி வைத்திருந்தாள். அங்கே கல் கிடைக்காதா அம்மா என்றேன். "கெடைக்கும், இது கெடைக்குமா?" என்றாள். நான் டேக் ஒட்டினேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து நிலத்தின் லீஸ் முடிந்தது. நிலத்துச் சொந்தக்காரர்கள் புதுப்பிக்கவில்லை. அப்பாவும் கிளம்பினார். பெட்டியை எடை போட்டால் ஏழு கிலோ.

"இவ்ளோதானாப்பா?"

"பக்கிரிக்கு இதுவே ஜாஸ்தி."

பிரிஸ்பேனில் அவருக்கு இருப்பே கொள்ளவில்லை. காலையில் எழுந்ததும் பேன்ட் சட்டை மாட்டிக்கொண்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் உட்கார்ந்துவிடுவாராம். "பஸ் எப்போ?" என்று கேட்பாராம். மணி போனில் சொல்லும்போது எரிச்சலாகச் சொல்வான். பெயர் மாற்றும் ஃபாரம் ஒன்றை வாங்கி நிரப்பி வைத்திருப்பதாகவும் அப்போதுதான் சொன்னான். அங்கே வால் பெயர் பரம்பரையாகத் தொடருமாம். பேரன் காலத்திலாவது இந்தப் பிச்சைக்காரப் பட்டம் ஒழியட்டும் என்றான். எனக்கு வலித்தது. ஆனாலும் அடி வாங்கியவன் அவன்தானே என்று சும்மா இருந்துவிட்டேன்.

இரண்டாயிரத்தில் மறுபடியும் ஆட்சிக் கவிழ்ப்பு. தலைநகர் சுவாவில் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து ஆட்களைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவாவை அடுத்த நவுசோரி பக்கத்து ஜனங்கள் எல்லாம் பஸ் பிடித்து எங்கள் ஏர்போர்ட்டில் வந்து விழுந்தார்கள். அந்தக் களேபரத்தில் மணி கூப்பிட்டான். அப்பாவுக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரி. டாக்டர் கை விரித்துவிட்டார்.

விசா என் பாஸ்போர்ட்டில் இருந்தது. சீட்தான் இல்லை. எங்களுக்கெல்லாம் ஸ்டாஃப் டிக்கெட். பயணிகள் எல்லோரும் ஏறி, வெயிட்டிங் லிஸ்ட்டும் ஏறி, அப்புறமும் இடம் இருந்தால்தான் நாங்கள். நாடே ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கே இடம் இருக்கும்? கவுன்ட்டருக்கு அடியில் என் கைப்பை தயாராக இருக்க, நானே எல்லோரையும் செக்-இன் செய்து, கடைசியில் இனி இடமில்லை என்று நானே ஃபிளைட்டை மூடுவேன். முதல் நாள் மூடினேன். இரண்டாம் நாள் மூடினேன். "சீக்கிரம் பண்ணும்மா" என்று ஒருவர் அதட்டினார். சார், உங்களைவிட எனக்கு அவசரம் என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஜன்னல் ஓரம் வேண்டுமா என்று கேட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் பின் அறை போனில் மணி. அவன் பேசுவது ஹிந்தி, இங்கே தமிழில் தருகிறேன்.

"விஜி, இங்க ஒரு மௌல்வி வந்து நிக்கிறார்!"

"யாரு வரச் சொன்னது?"

"ஆஸ்பத்திரிக்காரங்க! அட்மிட் பண்ற அவசரத்துல மதம்னு இருந்த இடத்த நான் காலியா விட்டுட்டேன். பேரப் பாத்துட்டு அவங்களே கூப்பிட்டு அனுப்பியிருக்காங்க. நம்ம ஃபிஜி லம்பாசாக்காரராம், நம்ம ஹிந்திதான் பேசறார். ரொம்ப மரியாதையாத்தான் இருக்கார்... நான் போகச் சொல்லிடறேன்."

"அப்பா எப்படி இருக்கார்?"

"எப்பவும் போலத்தான். ஒரு கைதான் வேலை செய்யுது. அதுவும் நிக்க மாட்டேங்குது. ட்யூபைப் பிடுங்கறார், போர்வையைப் பிடுங்கறார். கட்டி வெக்கணும்னு சொல்றாங்க." 

எனக்கு அந்தக் கையைத் தெரியும்.

"அண்ணா, அந்த மௌல்விகிட்ட பாத்தியா ஓதச் சொல்லு."

"பாத்தியாவா?" என்றான்.

"இந்தத் தடவை நீ எழுந்து வெளியே போயிடாத" என்றேன்.

போனைக் கட்டில் மேல் வைத்துவிட்டான் போலிருக்கிறது. முதலில் கட்டில் கம்பி கடகடவென்று ஆடும் சத்தம். அப்புறம் ஓதுகிற குரல். மைதீன் பாயின் கட்டைக் குரல் இல்லை, மெல்லிய குரல். ஆனால் அதே ஏற்றம், அதே இறக்கம். வெளியே கவுன்ட்டரில் குழந்தைகள் அழுகின்றன, யாரோ யாரையோ திட்டுகிறார்கள். நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். பாதியில் கட்டில் ஆடும் சத்தம் நின்றுவிட்டது. ஐயோ, போய்விட்டாரா?

மணி போனை எடுத்தான். "விஜி... கையை நீட்டறார்."

"சக்கர குடு."

"அப்பாவுக்கு ஷுகர்டி!"

"ஒரு சிட்டிகைண்ணா. தயவு பண்ணி குடு."

டீயோடு கொடுத்த சர்க்கரைப் பொட்டலம் கிழிபடும் சத்தம் கேட்டது. மணி அப்பாவின் உள்ளங்கையில் சர்க்கரை வைத்தது, எனக்குத் தெரிந்து, அதுதான் முதல் தடவை. "தானே வாயில போட்டுக்கிட்டார். கோணவாயால சிரிக்கறார் விஜி..." என்று இவனும் சிரித்தான், அழுதான். "ஐயோ, மறுபடியும் நீட்டறார் பாரு. ஆசையைப் பாரு கிழவனுக்கு!"

"அது அவருக்கு இல்லண்ணா" என்றேன். "அது எனக்கு."

 போனை வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு கவுன்ட்டருக்குப் போனேன். அன்றைக்கும் ஃபிளைட் நிறைந்தது. நானே மூடினேன்.

அப்பா மறுநாள் காலை போய்விட்டார். அதற்கும் மறுநாள்தான் எனக்கு ஒரு சீட் கிடைத்தது. நவுசோரியிலிருந்து வர வேண்டிய ஒரு குடும்பம் வழியில் மாட்டிக்கொண்டு வந்து சேரவில்லை. அவர்கள் அடுத்த ஃபிளைட்டில் போனார்களா என்று திரும்பி வந்ததும் முதல் வேலையாக விசாரித்தேன். போயிருந்தார்கள். இல்லையென்றால் அந்த சீட்டில் உட்கார்ந்து போனதை என்னால் ஜீரணித்திருக்க முடியாது.

பிரிஸ்பேன் ஏர்போர்ட்டில் மணி நின்றான். கட்டிக்கொள்ளவில்லை, எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். பிரிக்காத ஆஸ்பத்திரிச் சர்க்கரை.

"உன்னுது" என்றான்.

அந்தப் பெயர் மாற்றும் ஃபாரம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவன் பேரன் பேத்திகள் இன்றைக்கும் ஃபக்கீர்தான். வகுப்பில் யாராவது அர்த்தம் கேட்டால் தாத்தாவிடம் வந்து நிற்கிறார்களாம். அவனும் முழுக் கதையும் சொல்கிறானாம், தொட்டிலிலிருந்து.

மருந்துக்கடைப் பெண்ணிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடமை தவறாதவள், மறுபடி கேட்டாள் - "சரி ஆன்ட்டி, இப்ப சொல்லுங்க. சீனி சேர்த்துக்கிறீங்களா, இல்லையா?"

வியாழக்கிழமை மட்டும் என்றேன். அதுவும், யாரிடமாவது கை நீட்டி வாங்கினால்தான்.