முருகன் காலடியில் நான் வைத்த இரண்டு பொட்டலம்

என் மகள் கிட்டத்தட்ட ஒரு மாதம் வாயைத் திறந்து பாடவில்லை. குளிக்கும்போதுகூட இல்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள், கேட்டால் பதில் சொன்னாள். அவ்வளவுதான். அதற்குக் காரணம் நான். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அடியார்களே. அதனால் எழுதித் தருகிறேன்.

யாழினி எங்களுக்கு ஒரே பிள்ளை. பதினான்கு வயதிலிருந்து கித்தாரை மடியில் வைத்துச் சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறவள். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்ததும் இரண்டு இடத்தில் கிடைத்தது. ஒன்று அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இசைப் படிப்பு. அதில் பாட்டு எழுதுவது மூன்றாம் வருடத்தில் வரும் ஒரே ஒரு பாடம். முடித்தால் டீச்சர் வேலைக்குப் போகலாம். மற்றது கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரி. பாட்டு எழுதுவதற்கென்றே பட்டப்படிப்பு. முதல் வாரத்திலிருந்தே வாரம் ஒரு பாட்டு கொண்டுபோக வேண்டும், கூடப் படிப்பவர்கள் அதைப் பிரித்து மேய்வார்கள். வேலைக்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

இரண்டின் பாடப் பட்டியலையும் ஐஸ் பெட்டியில் ஒட்டிவைத்து ஒரு வாரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "எதைம்மா எடுக்கட்டும்? ஒன்னுமே புரியல லா," என்றாள். என் கணவர், "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க," என்று ஒதுங்கிக்கொண்டார். எனக்கோ பயம். இருபத்திரண்டு வருடமாகப் பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக்ஸ் பெக்டரியில் மைக்ராஸ்கோப் பார்த்துப் பார்த்துக் கண் போனவள் நான். பாட்டு எழுதி யார் வயிறு நிறைந்தது?

"பூக்கட்டிப் பார்ப்போம், சாமி சொல்லட்டும்," என்றேன். சிவப்பு அரளி வந்தால் கோலாலம்பூர். வெள்ளை வந்தால் டீச்சர் படிப்பு. பேப்பரில் பொட்டலம் மடித்தது நான். இரண்டிலும் வெள்ளையை வைத்தேன். கை தானாகச் செய்தது என்று சொன்னால் அதுவும் பொய்.

வெள்ளிக்கிழமை காலை மலைக்கோயிலில் ஐயர் இரண்டையும் முருகன் காலடியில் வைத்து எடுத்துவந்து நீட்டினார். யாழினி கண்ணை மூடி ரொம்ப நேரம் வேண்டினாள். ஒன்றை எடுத்துப் பிரித்தாள். "சரிம்மா. சாமியே சொல்லிட்டாரு." மற்றதை நான் வெடுக்கென்று வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்று சாயங்காலமே கோலாலம்பூர் கல்லூரிக்கு, இடம் வேண்டாம் என்று எழுதிவிட்டாள். கித்தார் கட்டிலுக்கு அடியில் போனது.

சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவள் போடவில்லை. ஐயோ, அதுதான் என்னைக் கொன்றது. பொட்டலம் பையிலேயே கிடந்தது. சாமி காலடியில் இருந்த பூவைக் குப்பையில் போட மனசு வரவில்லை, பிரிக்கவும் துணிச்சல் இல்லை. நான் வேலைக்குப் போனால் அதுவும் கூட வந்தது. தினமும் வேண்டினேன். "முருகா, அவளைப் பாட வை. ஆனா என்னைக் காட்டிக் கொடுத்துடாதே." இதுவும் ஒரு வேண்டுதலா!

மூன்றாவது வெள்ளி, அதே சன்னிதி. பக்கத்தில் அவள் மரம் மாதிரி நின்றாள். என்னால் தாங்க முடியவில்லை. "என்னைக் காட்டிக் கொடுத்தாலும் சரி முருகா, என் பிள்ளையைத் திருப்பிக் கொடு," என்று அழுதேன்.

ஐந்து நிமிடம் ஆகவில்லை. கற்பூரம் எடுக்கப் பையில் கைவிட்டேன், கூடவே பொட்டலமும் வந்து கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுத்தாள். பிரித்தாள். பூ காய்ந்து பழுப்பேறியிருந்தாலும் வெள்ளை என்று தெரிந்தது.

"அம்மா... ரெண்டுலயும் வெள்ளையா?"

கையும் களவுமாகப் பிடிபட்டேன். அவள் தனியாகப் படியிறங்கிப் போனாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவளே கோலாலம்பூர் கல்லூரிக்குப் போன் செய்தாள். இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். காத்திருப்புப் பட்டியலில் போடுவார்களாம். மற்றப் படிப்புக்குப் பதிய இன்னும் பதினொரு நாள்தான். என்னால் என்ன செய்ய முடியும்? எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு முருகனிடம் போவது? வியாழக்கிழமை அவளே விளக்கேற்றிவிட்டுக் கூப்பிட்டாள். "வாங்கம்மா. நானும் கேக்கறேன், நீங்களும் கேளுங்க. இந்தத் தடவை எதையும் மடிச்சு வைக்காம கேளுங்க." கேட்டேன். "உன் இஷ்டம் முருகா" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை.

அந்தத் திங்களிலிருந்து ஒன்பதாம் நாள் கல்லூரியிலிருந்து போன் வந்தது. ஒரு மாணவர் விலகிக்கொண்டாராம். இரண்டு நாளில் புதுப் பாட்டு ஒன்று அனுப்பினால் பார்ப்பார்களாம். அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து கித்தாரை இழுத்தாள். நான் அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். குரல் கேட்டது. "மடிச்ச தாளில் ரெண்டு கேள்வி, ரெண்டுக்கும் அம்மா ஒரே வெள்ளை." நெத்திலித் தட்டோடு அப்படியே நின்று அழுதேன். என் பிள்ளை பாடிவிட்டாள்.

அந்தப் பாட்டில் நான் வருகிறேன். நல்லவளாக வரவில்லை. அந்தப் பாட்டுக்குத்தான் அவளுக்கு இடம் கொடுத்தார்கள்.

இப்போது இரண்டாம் பருவம் படிக்கிறாள். நாளைக்கு வேலை கிடைக்குமா? தெரியாது. என் பயமும் முழுசாகப் போகவில்லை. ஆனால் அந்தப் பயத்தையே இப்போது அவன் காலடியில் கொண்டுபோய் வைக்கிறேன். உங்களுக்கும் வழி தெரியாத நாள் வந்தால் தயங்காமல் அவனிடம் போய்க் கேளுங்கள். பதிலை நீங்களே கட்டிக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.

முருகா, உனக்குக் கோடி நன்றி. என்னைக் காட்டிக் கொடுத்ததற்கு.