பரண் வண்டியும் காப்புக் கயிறும்

தங்கப்பாண்டிக்கு ஐம்பத்து நாலு வயது. அதில் முப்பது வருடம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே போய்விட்டது. லோடு லாரி, மினி பஸ், கல்யாண வேன், சபரிமலை டெம்போ எல்லாம் ஓட்டி முடித்து, இரண்டு வருடமாக ராமநாதபுரத்தில் தவ்ஃபீக் என்பவரின் டிராவல்ஸில் ஒரு விசித்திரமான வண்டிக்கு டிரைவராக இருக்கிறார். அந்த வண்டியின் தலைமேல் ஒரு கூடாரம் மடித்து வைத்திருக்கும். கொக்கியை விடுவித்து ஏணியைப் பிடித்து இழுத்தால், இரண்டு பேர் படுக்கிற அறையாக விரிந்துவிடும். மெத்தை உண்டு, ஜன்னல் உண்டு, கொசுவலைகூட உண்டு. மாசி, பங்குனியில் கடல் சாதுவாகக் கிடக்கிற நாட்களில் கோயமுத்தூர், பெங்களூரிலிருந்து ஆட்கள் வந்து அதில் ஏறிப் படுத்துக்கொண்டு அலையைப் பார்ப்பார்கள். தங்கப்பாண்டியின் ஊரான வேப்பங்குளத்தில் அதற்கு ‘பரண் வண்டி’ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பரணில் விருந்தாளி படுத்தால் டிரைவர் எங்கே படுப்பார்? யாரும் கேட்பதில்லை. கீழே முன் சீட்டைச் சாய்த்து அதில்தான் கிடப்பார். மேலே ஒருவர் புரண்டால் கீழே வண்டி ஆடும். கண் அசந்த நேரம் பார்த்து ஏணியில் கால் இறங்கி வரும், “அண்ணே, டாய்லெட் எங்க?” என்று கேட்கும். இரண்டு வருடமாக அந்த மெத்தையைத் தட்டி, உதறி, வெயிலில் காயப்போட்டவர் இவர்தான். ஒரு நாளும் அதில் முதுகைச் சாய்த்ததில்லை. விருந்தாளி படுக்கிற இடத்தில் டிரைவர் படுப்பதாவது!

வேப்பங்குளம் சிக்கலுக்குத் தெற்கே, கருவேலங்காட்டுக்கும் கண்மாய்க்கும் நடுவில் இருக்கிற நூறு வீட்டு ஊர். பங்குனி முதல் செவ்வாய் அங்கே மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. அம்மன் கையில் காப்பு ஏறுகிறபோது ஊருக்குள் இருந்தவர் எவரானாலும், அடுத்த செவ்வாய் முளைப்பாரி கரைக்கிற வரை எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், உறங்க ஊருக்கு வந்துவிட வேண்டும். அதனால் வெளியூரில் பிழைக்கிறவர்கள் திங்கட்கிழமையே பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடுவார்கள். அப்படி ஓடுகிறவர்களில் முதல் ஆள் தங்கப்பாண்டி. பங்குனியில்தானே டிரைவருக்குச் சீசன்! கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் ஒரு முளைப்பாரியைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. அவர் மச்சினன் பாண்டித்துரை அவருக்குக் ‘காப்புக் கள்ளன்’ என்று பட்டமே கொடுத்துவிட்டான்.

இந்த வருடம் ஓட முடியவில்லை. மகள் ஜெயப்பிரியா ஏழு மாதக் கர்ப்பமாகத் தாய்வீட்டில் இருக்கிறாள். இதற்கு முன்னால் இரண்டு தடவை தங்காமல் போய்விட்டது. இரண்டாவது தடவை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அவர் மனைவி மாரிச்செல்வி நேர்ந்துகொண்டாள்: அடுத்தது நல்லபடியாக நின்றால் புருசனும் பெண்டாட்டியுமாகக் கையில் காப்புக் கட்டி, எட்டு நாளும் எல்லைக்குள் கிடந்து, முளைப்பாரி எடுக்கிறோம் தாயே என்று.

“எனக்காக ஒண்ணும் கேட்கல. நம்ம புள்ளைக்காக இந்த ஒரு வருசம் கெடங்க” என்றாள்.

அவருக்குச் சாமி விஷயத்தில் அவ்வளவு பிடிப்பு இல்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரும்தான் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டார். தவ்ஃபீக்கிடம் சொல்லி, காலையில் போய்ப் பொழுது சாய வீடு திரும்புகிற சவாரியாக வாங்கிக்கொண்டார். ஐந்து ராத்திரி ஒழுங்காகக் கழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது தவ்ஃபீக்கின் போன் வந்தது. கூடார வண்டியின் இன்னொரு டிரைவர் சுரேஷுக்கு அம்மை போட்டிருக்கிறது. கோயமுத்தூரிலிருந்து ஒரு ஜோடி ராமநாதபுரம் ஸ்டேஷனில் இறங்கிவிட்டது, இரண்டு ராத்திரி சவாரி. “நான் வேளாங்கண்ணி வண்டியில நிக்கிறேன் அண்ணே. அந்தக் கூடாரத்தைப் பிரிக்கத் தெரிஞ்சது நீங்க ரெண்டு பேருதான். நான் வேற யாருகிட்டப் போவேன்?” என்றார் தவ்ஃபீக். அதட்டியிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பார். அந்த மனிதர் கெஞ்சினார்.

தங்கப்பாண்டி பூசாரி ராக்கப்பன் வீட்டு வாசலில் போய் நின்றார். ராக்கப்பன் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வேப்பங்குச்சியை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“ராத்தங்கக் கூடாதுன்னா உறங்கக் கூடாதுன்னுதான் அர்த்தம். பகலோ ராத்திரியோ, எல்லைக்கு அங்கிட்டுத் தலையைச் சாய்க்காம இருந்தா, அது தங்குனதாகாது.”

“அப்ப உறங்காம இருந்தாப் போதுமா?”

“ரெண்டு ராத்திரிடா. ஏலுமா உன்னால?”

“முப்பது வருசமா அதைத்தான செஞ்சுக்கிட்டு இருக்கேன்!” என்றார் தங்கப்பாண்டி. மாரிச்செல்வி இதைக் கேட்டுவிட்டு, “அம்மன்கிட்டயே வக்கீல் வேலை பாக்குறீகளா?” என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். சோற்றுத் தூக்கை மட்டும் வாசற்படியில் கொண்டுவந்து வைத்தாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

வந்த ஜோடி ஜோஸ்வா, பிரெசில்லா. பிரெசில்லாவின் அப்பா பாம்பன்காரர். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் கோயமுத்தூர். அப்பா செத்த பிறகு அவர் ஊர்க் கடலைப் பார்க்க இப்போதுதான் வந்திருக்கிறாள். நல்ல பிள்ளைகள். தட்டில் வைத்ததை டிரைவருக்கும் நீட்டுகிற ரகம்.

முதல் ராத்திரி அரியமான் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில் கூடாரம் விரிந்தது. தங்கப்பாண்டி செய்த முதல் வேலை, தன் சீட்டின் தலையணையைப் பிடுங்கி டிக்கியில் போட்டது. தலை சாய்க்க இடம் இருந்தால்தானே சாயும்? தோப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தார். உட்கார்ந்தால் சொக்கியது, நின்றார். ஒரு வாளியில் கடல் தண்ணீர் கொண்டுவந்து காலை விட்டுக்கொண்டார். மாரிச்செல்வி கட்டிக்கொடுத்த தூக்கின் மூடிக்குள் நாலு பச்சை மிளகாய் இருந்தது. பேசமாட்டாள், ஆனால் மிளகாய் வைப்பாள். அதைக் கடித்துக் கடித்து விடிய வைத்தார்.

மறுநாள் தனுஷ்கோடி. இரண்டு பக்கமும் கடல், நடுவில் நூல் பிடித்த ரோடு. ஒரு பக்கத்துத் தண்ணீர் பச்சை, மறுபக்கம் நீலம். சேற்றுப் பரப்பில் பூநாரைகள் நின்றன. பிரெசில்லா கண்ணாடியை இறக்கிவிட்டு, “இவ்வளவு அழகா! எங்கப்பா ஒரு நாளும் சொன்னதில்லையே” என்றாள். தங்கப்பாண்டிக்கு எல்லாம் ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தது. ரோட்டின் வெள்ளைக் கோடு மட்டும் ஒன்றாகத் தெரிந்தால் போதும் என்று அதையே பிடித்துக்கொண்டு ஓட்டினார்.

இரண்டாம் ராத்திரி தங்கச்சிமடத்தில் ஒரு தென்னந்தோப்பு. அந்த ராத்திரியைப் பற்றி அவருக்கே இப்போது சரியாக நினைவில்லை. ஒரு தென்னை மரத்தோடு பேசிக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு தடவை ஏணியில் இறங்கி வந்த பிரெசில்லா, இரண்டு தடவையும் இவர் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தாளாம்.

செவ்வாய்க்கிழமை காலை. அன்று சாயங்காலம் முளைப்பாரி. பத்து மணிக்குள் இவர்களை ராமநாதபுரத்தில் இறக்கிவிட்டால், மத்தியானம் எல்லைக்குள் போய் விழுந்துவிடலாம் என்ற கணக்கில் பாம்பன் பாலம் ஏறினார். பாலத்தின் நடு உச்சியில் காற்று ஜில்லென்று முகத்தில் அடித்தது. அவ்வளவுதான். கண்ணைத் திறந்தபோது எதிரே லாரி, ஹாரன், பின்சீட்டில் பிரெசில்லாவின் அலறல். கை தானாக ஸ்டியரிங்கை ஒடித்தது. லாரிக்காரன் ஏசிக்கொண்டே போய்விட்டான்.

பாலத்தை இறங்கி மண்டபத்தில் ஓரங்கட்டினார். முப்பது வருடத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை என்று பெருமையடிக்கிற மனிதர்.

“எங்க உயிரோட விளையாடறீங்களா?” என்று ஜோஸ்வா கத்தினான். கத்தாமல் என்ன செய்வான்? தங்கப்பாண்டி கீழே இறங்கி, ரோட்டோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“தப்புதான் தம்பி. பெரிய தப்பு. நீங்க வேற வண்டி வச்சுப் போங்க.”

பிரெசில்லாதான் அவர் கையில் இருந்த மஞ்சள் கயிற்றைக் காட்டி, “ரெண்டு ராத்திரியும் நீங்க உட்காரவே இல்ல. இது எதுக்குண்ணே?” என்று கேட்டாள். அவர் சொன்னார். மகளைச் சொன்னார், ஆஸ்பத்திரி வராந்தாவைச் சொன்னார், பூசாரி சொன்ன தீர்ப்பையும் சொன்னார். பிறர் பிள்ளைகளை வண்டியில் வைத்துக்கொண்டு, தன் பிள்ளைக்காகக் கண் விழித்திருக்கிறோம் என்பது சொல்லும்போதுதான் அவருக்கே உறைத்தது.

அவள் கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ஏண்ணே, இதை முதல் நாளே சொல்லியிருந்தா உங்க ஊர்லயே கூடாரத்தை விரிச்சிருப்போமே!”

தங்கப்பாண்டி இரண்டு வருடமாகப் பார்க்க வேண்டிய இடம் என்று நூறு பேரை எங்கெங்கோ கூட்டிப்போயிருக்கிறார். அந்தப் பட்டியலில் வேப்பங்குளம் வரும் என்று அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

“அங்கன என்ன தாயி இருக்கு? கருவக்காடும் கண்மாயுந்தான்.”

“அதைத்தான் பாக்கப் போறோம். ஊருக்கு நாளைக்குப் போயிக்கிறோம். சாவியைக் குடுங்க.”

ஜோஸ்வா இன்னும் முறைத்தபடிதான் வண்டியை எடுத்தான். தங்கப்பாண்டி பக்கத்துச் சீட்டில். வாழ்நாளில் முதல் தடவையாகப் பக்கத்துச் சீட்டு. எல்லை இன்னும் எழுபது கிலோமீட்டர். பிரெசில்லா பின்னாலிருந்து விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். முதல் முதலில் ஓட்டின வண்டி எது? யார் பழக்கினது? கல்யாணத்தன்னைக்கு யார் வண்டி ஓட்டினது? “நானேதான்” என்றதற்கு ஜோஸ்வாகூடச் சிரித்துவிட்டான். உச்சிப்புளி போயிற்று, ராமநாதபுரம் போயிற்று. திருப்புல்லாணி தாண்டும்போது பதில் குழறியது. அவள் அவர் தலையில் பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்தாள். கருவேலங்காட்டுக்குள் சுண்ணாம்பு அடித்த எல்லைக்கல் வந்தது.

“இதான்” என்றார். அழுதுவிட்டார். வெட்கப்படவில்லை.

வீட்டுச் சந்துக்குள் வண்டி நுழையாது. கண்மாய்க்கரையில் வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். விருந்தாளிகளுக்குப் படுக்கை விரித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவோம் என்று கொக்கியை விடுவித்து, ஏணியை இழுத்து, மெத்தை விரிப்பைச் சரிசெய்ய மேலே ஏறினார். ஏறியவர் இறங்கவில்லை. வெளியே நீட்டியபடி இரண்டு பாதம் மட்டும் தெரிந்தது.

மீதியெல்லாம் மற்றவர்கள் சொல்லி அவர் கேட்டதுதான். அந்தக் காலைப் பார்த்தே, வெடித்த குதிகாலை வைத்து, ஊர் அடையாளம் கண்டுவிட்டதாம். மாரிச்செல்வி வந்து விருந்தாளிகளை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். பொழுது சாயும்போது மேளம், வேட்டு, குலவையோடு முளைப்பாரி கண்மாய்க்கு வந்தது. வண்டிக்கு ஒரு முழம் தள்ளித்தான் அத்தனை பெண்களும் நின்று கும்மி கொட்டினார்கள். பரண் அசையவில்லை. பாண்டித்துரை ஏணியில் ஏறி, “ஏ மச்சான்! காப்புக் கள்ளா! எந்திரிங்க, இருபத்தாறு வருசமாப் பாக்காததைப் பாருங்க” என்று அவர் காலைப் பிடித்து இழுக்கப் போனான்.

தலையில் முளைப்பாரியோடு நின்ற மாரிச்செல்வி, “தொடாத. எறங்கு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இறங்கிவிட்டான்.

தங்கப்பாண்டி கண் விழித்தபோது விடிந்திருந்தது. ஜோஸ்வாவும் பிரெசில்லாவும் அவர் வீட்டு மொட்டை மாடியில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். மெத்தையில் அவர் பக்கத்தில் யாரோ அவர் சீட்டின் தலையணையை டிக்கியிலிருந்து எடுத்து வைத்திருந்தார்கள். வலையை விலக்கிப் பார்த்தார். கண்மாய்த் தண்ணீரில் கரைத்த முளைகள் பசுமையாக ஒதுங்கிக் கிடந்தன. எல்லாம் முடிந்துபோயிருந்தது. இந்தத் தடவையும் பார்க்கவில்லை.

ஏணிக்குக் கீழே மாரிச்செல்வி காப்பித் தூக்கோடு உட்கார்ந்திருந்தாள். அவர் இறங்கி அவள் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

“பாலத்துல வச்சு ஒரு நொடி கண்ணு சொக்கிருச்சு, மாரி.” நேர்த்திக்கடன் போயிற்றோ என்று அவருக்குப் பயம்.

“தலையைச் சாய்ச்சீகளா?”

“இல்ல. சாய்க்க எடமே வச்சுக்கிடல.”

“பிறகென்ன” என்றாள். அவர் வலது கையைப் பிடித்து இழுத்து, காப்பு முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து நெகிழ்த்தினாள்.

“ஏன்டி என்னைய எழுப்பல? ஊரே ஆடியிருக்கு. நீ முளைப்பாரி எடுத்ததைப் பாக்கத்தான இம்புட்டுப் பாடுபட்டேன்.”

மாரிச்செல்வி கயிற்றை உருவிக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

“இருபத்தாறு வருசமா, முளைப்பாரி கரைக்கிற அன்னைக்கு இந்த மனுசன் எந்த ஊர்ல எந்த ரோட்டுல கெடக்காரோன்னுதான் ஒவ்வொரு தடவையும் தண்ணிக்குள்ள எறங்குவேன். நேத்து எறங்கும்போது திரும்பிப் பாத்தேன். உங்க காலு ரெண்டும் தெரிஞ்சது. எனக்கு அது போதும். காப்பி ஆறுது, குடிங்க.”