எந்தக் கடைக்குப் போனாலும் அதே குருமா

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை ராத்திரி. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு வழக்கு விசாரணை நடந்தது.

குற்றவாளி, பிளாஸ்டிக் கவரில் கட்டி வந்த குருமா. நீதிபதி, என் வீட்டுக்காரர். கவரை அவிழ்த்தார். பரோட்டாவைப் பிய்த்துத் தோய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். தீர்ப்பு வந்தது.

"இதுவும் அதேதான்."

"எது?"

"திங்கக்கிழமை ரொட்டிக் கடை சப்ஜி, நேத்து டிபன் கடை சால்னா, இன்னைக்கு பரோட்டாக் கடை குருமா... எல்லாம் ஒண்ணுதான். கருகின தேங்கா, தூக்கலா சோம்பு. நீயே தொட்டு நக்கிப் பாரு."

நக்கிப் பார்த்தேன். மனுஷர் சொன்னது சரி. அதுதான் எனக்கு எரிச்சல்.

விஷயம் என்னவென்றால், ஒரு மாதமாக நான் சாயங்காலம் அடுப்பு பற்ற வைப்பதில்லை. மற்ற தீவுகளுக்குப் போட் கிளம்பும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் டிக்கெட் கவுண்டரில் எனக்கு வேலை என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். காலையிலிருந்து நாலு பாஷையில் ஒரே கேள்வி — "மேடம், சீட் இருக்கா?" கடல் சரியில்லை, போட் கேன்சல் என்று சொன்னால், கடலைக் கொந்தளிக்க விட்டதே நான்தான் என்பது போல ஒரு பார்வை. அதற்கப்புறம் வீட்டுக்குக் கராச்சர்மா பஸ். நின்றுகொண்டே பயணம், யாரோ ஒருவரின் ஈரக் குடை என் கால் மேல். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வரும்.

"ராத்திரிக்கு என்ன?"

இந்த இரண்டு வார்த்தைக்கு நான் பயப்படுகிற மாதிரி புயல் எச்சரிக்கைக்குக்கூடப் பயந்ததில்லை.

அவருக்கும் களைப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. சின்னச் சின்ன கான்ட்ராக்ட் எடுத்து நாள் முழுக்க வெயிலிலும் மழையிலும் நிற்கிறவர். ஆனால் அவர் களைப்பு வீட்டுக்கு வந்ததும் சோபாவில் உட்காரும். என் களைப்பு அடுப்பங்கரையில் போய் நிற்கும்.

ஒருநாள் கையில் கத்தியும் கத்திரிக்காயுமாக நின்றவள், அப்படியே அழுதுவிட்டேன். வெங்காயம் நறுக்கியதால் வந்த கண்ணீர் என்று சொல்லிச் சமாளிக்கவும் வழியில்லை. அந்த வாரம் ஊரிலேயே வெங்காயம் இல்லை!

அன்றைக்கு ஒப்பந்தம் போட்டோம். காலைச் சமையலும் மதிய டப்பாவும் என் பொறுப்பு. ராத்திரிக்கு வெளிச் சாப்பாடு. வீட்டுக்காரர் ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஒரு மாசம் பார்ப்போம். வாய்க்கு விளங்கலைன்னா ஒண்ணாம் தேதியிலேர்ந்து பழையபடி நீ அடுப்புக்குப் போயிடணும்."

ஒத்துக்கொண்டேன். ஊரில் கடைகளுக்கா பஞ்சம்?

முதலில் மகள் நிவேதா சொன்ன கஃபே. கராச்சர்மா மெயின் ரோட்டில் புதிதாகத் திறந்தது. சுவரெல்லாம் பிளாஸ்டிக் புல், கயிற்றில் ஒரு ஊஞ்சல், சீரியல் லைட். வீட்டில் ஊறுகாய் போட்டு வைக்கிற ஜாடியில் காபி வந்தது. சாண்ட்விச்சுக்குள் ஒரு வெள்ளரித் துண்டு — அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் எதிர்ச் சுவரின் ஊஞ்சல் தெரிந்தது. மகள் போட்டோ எடுத்து முடிக்கும் வரை யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. அவள் முடித்தபோது எல்லாம் ஆறியிருந்தது. வீட்டுக்காரர் மெனு கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இதுல சோறு எந்தப் பக்கம்?"

அப்புறம் ஜெட்டி வாசலில் இருக்கும் பெங்காலி தாதா கடை; தாதா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். மீன் குழம்பும் சோறும் பார்சல். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கடுகெண்ணெய் வாசம் எங்கள் வீட்டுக்காரருக்கு ஆகாது. ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மீன் முள் எடுப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்.

சரி, வீட்டுப் பக்கத்திலேயே வாங்குவோம் என்று ரொட்டிக் கடை, டிபன் கடை, தெலுங்குக்காரர் மெஸ், பரோட்டாக் கடை என்று சுற்றினேன். அந்த நேரம் பார்த்து, காய்கறி ஏற்றி வரும் மெயின்லேண்ட் கப்பல் தாமதம். எந்தக் கடையில் என்ன கேட்டாலும் ஒரே பதில் — "கப்பல் வரல." சுவரில் பெயின்ட் அடித்த மெனு ஒரு முழ நீளம்; வாயைத் திறந்து கேட்டால் குருமா ஒன்றுதான் இருக்கும்.

அந்தக் குருமாவும் எல்லாக் கடையிலும் ஒன்று என்றால்?

"நான் சொல்லல?" என்று வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோருக்கும் அந்தச் சிரிப்பு பழக்கமாக இருக்கும். அன்று ராத்திரி படுத்தபோது முதுகு வலித்தது. ஒன்றாம் தேதியை நினைத்தால் இன்னும் வலித்தது.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகப் பரோட்டாக் கடைக்குப் போனேன். ஒரு சண்டை போட்டே தீர்வது என்று முடிவு. மாஸ்டர் மலையாளி. மாவை வீசிக்கொண்டே பதில் சொன்னார்.

"குருமா இதர் நஹி பன்தா, இங்க பண்றதில்ல சேச்சி. பின்னாடி லைன்ல ஒரு அக்கா உண்டு. நாலு கடைக்கும் அவங்கதான்."

பின்னாடி லைன் என்பது தகரக் கூரை போட்ட ஒரு வீடு. அடுப்பங்கரை வீட்டுக்குப் பின்புறம், பாதி திறந்தவெளி. இரண்டு பெரிய கேஸ் அடுப்பு, குழந்தையைக் குளிப்பாட்டும் அளவுக்கு இரண்டு குண்டான். நடுவில் ஒரு பெண், நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு கிண்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். பெயர் செல்வி என்று பிறகு சொன்னாள்.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"க்யா ஹுவா அக்கா? குருமா கெட்டுப் போச்சா?"

"கெட்டுப் போகலம்மா. எல்லாக் கடையிலயும் ஒரே மாதிரி இருக்கு. அதான் கேக்க வந்தேன்."

"ஒரே குண்டான்ல இருந்துதானே போகுது, வேற மாதிரி எப்படி இருக்கும்?" என்றாள், ரொம்ப நியாயமாக. "முன்னாடி ஒரு துக்கானுக்குத்தான், ஒரே கடைக்குத்தான் பண்ணேன். அவங்களப் பாத்து இவங்க, இவங்களப் பாத்து அவங்க, நாலு துக்கான் ஆயிடுச்சு. தக்காளி நஹி, வெங்காயம் நஹி. தேங்கா மட்டும்தான் மில்தா ஹை, அதையே எல்லாத்துலயும் போடுறேன். அலக் அலக்கா, தனித்தனியா பண்ண டைம் எங்க அக்கா இருக்கு?"

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். சண்டை போட வந்தவள் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் சண்டை போய்விடும். தெரிந்துதான் உட்கார்ந்தேன், கால் கேட்கவில்லை.

செல்விக்கு ஊர், இதே தீவுகளில் வடக்கே இருக்கும் ரங்கத். அப்பா அம்மா அங்கே விவசாயம். கணவர் படகில் வேலை பார்க்கிறார், மாதத்தில் பாதி நாள் கடலில். இவள் விடியற்காலை தேங்காய் துருவ உட்கார்ந்தால் சாயங்காலம் நாலு கடைக்கும் அனுப்பி முடிக்கும் வரை நின்ற வாக்கில் வேலை.

"நீ என்ன சாப்பிட்ட?" என்று கேட்டேன். சும்மா கேட்டு வைத்ததுதான்.

"சாய், பிஸ்கட்."

"ராத்திரிக்கு?"

"அதே. எனக்கு என் குருமா எறங்காது அக்கா. நாள் பூரா அந்த வாசத்துலயே நிக்கிறேன்ல? யாராச்சும் பண்ணிக் குடுத்தா சாப்பிடலாம்னு இருக்கும். சரி, ஒருநாள் வெளியில வாங்கிச் சாப்பிடலாம்னு பாத்தா..." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தப் பக்கம் எந்தக் கடைக்குப் போனாலும் என் குருமாதான் வருது!"

நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, சிரித்துக்கொண்டிருந்தவள் துண்டால் கண்ணைத் துடைத்தாள். அடுப்புப் புகை என்று நினைத்துக்கொள்ளலாம். கேஸ் அடுப்பில் புகை எங்கே வந்தது?

 உடனே என்ன தோன்றியது தெரியுமா? வீட்டுக்குப் போய் ஒரு ரசம் வைத்து எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். பாருங்கள், என் கை எவ்வளவு சீக்கிரம் புளியைத் தேடிப் போகிறது! ஒரு மாதமாகப் போராடி வாங்கிய ஓய்வை ஒரு நிமிஷத்தில் விட்டுக்கொடுக்கப் பார்த்தேன். கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுந்தேன்.

மறுநாள் ஜெட்டியிலிருந்து கிளம்பும்போது தாதா கடையில் மீன் சோறு ஒரு பார்சல் கட்டச் சொன்னேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு முறை மடியைப் பார்த்தார். நேராகச் செல்வி வீடு.

"யாருக்கு அக்கா?"

"உனக்குத்தான். அடுப்ப அணை. உக்காரு."

அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கை கழுவினாள். தரையில் உட்கார்ந்து இலையைப் பிரித்தாள். முதல் வாயைக் குனிந்தபடியே மென்றாள். இரண்டாவது வாயும் அப்படியே. மூன்றாவது வாயில் நிமிர்ந்தாள்.

"உப்பு பத்தலக்கா."

எனக்குத் திக்கென்றது. அவ்வளவு தூரம் சுமந்து வந்திருக்கிறேன்!

"கடுகு ஜாஸ்தி. சோறு கொழஞ்சு போச்சு. மீனக் கொஞ்சம் லேட்டா போட்டிருக்கணும், யே லோக், இந்தக் கடைக்காரங்க, எல்லாத்தையும் ஒண்ணா போட்டுக் கொதிக்க வச்சுடுவாங்க."

சொல்லிக்கொண்டே முழுப் பார்சலையும் சாப்பிட்டாள். இலையை வழித்தாள். முள்ளைக்கூட விடவில்லை. ஒவ்வொரு குறைக்கும் அவள் முகத்தில் வெளிச்சம் கூடிக்கொண்டே போனது. அப்படியொரு சந்தோஷத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். தினமும் பார்க்கிறேன் — எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்!

அன்றைக்குத்தான் புரிந்தது. சாப்பாட்டில் ருசி பாதி. அடுத்தவர் சமைத்ததில் நொட்டை சொல்லிக்கொண்டே சாப்பிடுவது மீதிப் பாதி. சமைக்கிறவளுக்கு அந்த மீதிப் பாதி கிடைக்கவே கிடைக்காது. தன் சமையலில் உப்பு குறைந்தால் அது அவளுக்குக் குறை இல்லை, குற்றம். அதை எப்படி அனுபவித்துச் சொல்ல முடியும்?

வீட்டில் போய்ச் செல்வி கதையை முழுக்கச் சொன்னேன். வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"பாவம்தான்," என்றார். "அதுக்காக தினமும் அந்தப் பாவத்தையே சாப்பிட முடியுமா?"

ஒன்றாம் தேதி வந்தது. காலையிலிருந்து மழை. இரண்டு போட் கேன்சல். கவுண்டரில் கத்தல். பஸ் நகரவே இல்லை. ஜன்னல் ஓரம் நின்றபடியே தோல்வியை ஒத்துக்கொண்டேன். புளி ஊற வைக்க வேண்டும், பருப்பு வேக வைக்க வேண்டும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. வாதாடக்கூடத் தெம்பு இல்லை. தோற்பதில் அன்றைக்கு எனக்கு வெட்கம்கூட வரவில்லை, அவ்வளவு அசதி.

வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்பங்கரையில் லைட் எரிகிறது. தோளில் துண்டு, முகமெல்லாம் வேர்வை, கையில் கரண்டி — என் வீட்டுக்காரர்! மழையால் வேலை நின்று சீக்கிரம் வந்துவிட்டாராம். மகள் செல்போனைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, இவர் ரசம் வைத்திருக்கிறார்.

அன்பினால் என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள்.

"பஸ் லேட்டாகுதே... நீ பாட்டுக்கு மறுபடி அதையே வாங்கிட்டு வந்துட்டீன்னா?" என்றார்.

உட்கார்ந்தேன். சோறு வந்தது, ரசம் வந்தது. எனக்கு ஒருவர் பரிமாறுகிறார்! ஒரு வாய் வைத்தேன். தக்காளி இல்லாத குறைக்குப் புளியை அள்ளிப் போட்டிருக்கிறார். பல் கூசியது. பூண்டு முழுசாக மிதக்கிறது. கடுகு கரிந்து கிடக்கிறது.

நாக்கு நுனியில் வந்துவிட்டது. இருபத்து மூன்று வருஷம் காத்திருந்த வாய்ப்பு இது. புளி ஜாஸ்தி, பூண்டைத் தட்டக்கூடத் தெரியாதா, கடுகைக் கரிய விட்டீங்களே... ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, நிதானமாக, ருசித்துச் சொல்லலாம்.

நிமிர்ந்து பார்த்தேன். கரண்டியோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். சொன்னால் என்ன ஆகும்? இனி ஜென்மத்துக்கும் அடுப்பங்கரைப் பக்கம் வர மாட்டார். நாளையிலிருந்து அந்த இடத்தில் நான் நிற்க வேண்டும்.

"நல்லாருக்குங்க," என்றேன்.

வாயைத் திறந்த மகளை மேஜைக்கு அடியில் தொடையில் கிள்ளினேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அடுத்து சாம்பார் முயற்சி பண்ணலாமா? பூசணிக்கா இருக்கு," என்றார். தாராளமாக என்றேன்.

மிச்ச ரசத்தை மறுநாள் சாயங்காலம் சுட வைத்து, ஒரு டப்பாவில் ஊற்றிக்கொண்டு செல்வி வீட்டுக்குப் போனேன். அவள் ஒரு டம்ளர் வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள். "அய்யோ, யே க்யா ஹை அக்கா? ரசமா, புளித் தண்ணியா?"

"அதான் நானும் நெனச்சேன்! பூண்டப் பாரு, அப்படியே முழுசா!"

"கடுகு கரிக்கட்ட!"

"மிளகு எங்க இருக்கு, தேடிக் கண்டுபிடி!"

அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு பேரும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தோம். ஆளுக்கு மூன்று டம்ளர். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு குறை. டப்பா காலியான பிறகும் எங்களுக்குப் பேச்சு மிச்சமிருந்தது. என் முதுகு வலிகூட அன்றைக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது.

படிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள் — இந்தப் பக்கத்தை மட்டும் எங்கள் வீட்டுக்காரர் கண்ணில் காட்டிவிடாதீர்கள், சனிக்கிழமை சாம்பாராம்!